நான் எழுதாமல் விட்ட செய்தி

சென்ற மாதம் ஒரு ஜனாஸாவுக்காக ஆலங்குடாவுக்குப் போக நேர்ந்தது. இறந்தவர் தூரத்து உறவில் எனக்கு நானா முறையானவர். மையவாடியிலிருந்து திரும்பியதும் அவருடைய மூத்த மகன் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு களப்புக் கரைக்குப் போனான். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் பயணம் செய்தவர்களுக்கு அந்த நிலத்தின் அமைப்புத் தெரிந்திருக்கும். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில் கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். மேற்குப் பக்கம் இப்போது அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி, காற்றாலைகள், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரர்கள் என்று அது வேறு உலகம். கிழக்குப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. நானாவின் இரண்டு இறால் குளங்களும் வரம்பு உடைந்து, அடியில் உப்புப் பூத்து, ஓரங்களில் உமரி படர்ந்து கிடந்தன.

"சாச்சா, வைரஸுக்கு இப்ப மருந்து வந்திருக்காமே, மெய்யா?" என்று மகன் கேட்டான்.

யாரோ ஒரு முகவர் போத்தல் ஒன்றைக் காட்டியிருக்கிறார். தீவனத்தில் கலந்து கொடுத்தால் வெண்புள்ளி நோய் அண்டாது என்று சொல்லியிருக்கிறார். குளங்களைத் திருத்தி மறுபடியும் குஞ்சு விடலாமா என்பது அவனுடைய யோசனை. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்ப் பக்கங்களில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு வைரஸைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் இந்த ஒரு விடயத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும். அறிய வேண்டிய கட்டாயம் எனக்கு இருபத்தாறு வயதில், அதே வரம்பின் மேல் நின்றபோது ஏற்பட்டது.

1996ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் நான் இளம் நிருபர். விடுமுறையில் ஆலங்குடாவுக்கு வந்து நானா வீட்டில் தங்கியிருந்தேன். அந்நாட்களில் புத்தளம், முந்தல், சிலாபம் என்று கரையோரம் முழுவதையும் இறால் பித்துப் பிடித்திருந்தது. இலங்கையில் இறால் வளர்ப்பு எழுபதுகளின் இறுதியில் மட்டக்களப்பில் தொடங்கியது. யுத்தம் அதை வடமேற்குக் கரைக்கு இடம்பெயர்த்தது. முதலில் பெரிய கம்பனிகள் வந்தன. பின்னர் சிறு கடைக்காரர், தோட்டக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என எல்லோரும் கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டினார்கள். யப்பான் நல்ல விலை கொடுத்தது. ஒரு போகம் சரியாக அமைந்தால் வீடு கட்டலாம், இரண்டு போகம் அமைந்தால் லொறி வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் வாங்கியும் இருந்தார்கள்.

(ஒரு சிறு இடைச்செருகல். வளர்க்கப்பட்ட இறாலின் ஆங்கில வணிகப் பெயர் 'பிளாக் டைகர்'. 1996இல் கொழும்பில் இருந்த எந்தத் தமிழ்ப் பத்திரிகைக் காரியாலயத்திலும் அதை நேரடியாகத் தமிழ்ப்படுத்த எவருக்கும் துணிவு வந்திராது. நாங்கள் 'வரி இறால்' என்று எழுதி நிம்மதியாக இருந்தோம்.)

ஒரு நாள் சுபஹுத் தொழுகை முடிந்து வந்த நானா என்னை எழுப்பி, "தம்பி, கொஞ்சம் வாங்க" என்றார். முகம் வெளிறியிருந்தது. குளத்தின் ஓரத்தில், அடியில் கிடக்க வேண்டிய இறால்கள் மேலே வந்து வரம்பையொட்டிச் சோர்ந்து மிதந்தன. சிலவற்றின் உடல் சிவந்திருந்தது. தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். முதல் நாள் மாலை போட்ட தீவனம் அப்படியே இருந்தது. ஓர் இறாலை எடுத்து, தலை ஓட்டைக் கழற்றி, விடியல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல் ஓட்டின் உள்ளே வட்ட வட்டமான வெண்புள்ளிகள் தெரிந்தன.

"சிலாபத்துப் பக்கம் இது வந்திருக்கெண்டு சொன்னாங்க. நான் நம்பல்ல" என்றார்.

அன்றைக்கு அவர் செய்தவை அனைத்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஐஸ் லொறிக்கு ஆள் அனுப்பினார். மூன்று மாதம் கூட நிரம்பாத இறாலை வலை போட்டு வாரினார். கிடைத்த விலைக்கு விற்றார். இதில் தவறில்லை. இந்த வைரஸ் மனிதருக்கு எத்தீங்கும் செய்யாது, சமைத்து உண்பவருக்கு ஒன்றும் ஆகாது. இரவானதும் மதகைத் திறந்தார். இறந்து கிடந்தவையும் உயிரோடு தப்பியவையும் நோய் கலந்த நீரும் சேர்ந்து களப்புக்குள் இறங்கின. அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

மதகருகே நின்றுதான் அவர் சொன்னார்: "இத எழுதிப் போடாதீங்க தம்பி. ஒரு கெழமை பொறுங்க. மத்தக் குளத்து இறாலையும் வித்திர்ரன். பேர் கெட்டா ஐஸ்காரன் பாதி விலைக்குக் கேப்பான்."

நான் எழுதவில்லை. ஒரு குளத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தி எழுதுவது முறையல்ல, ஆய்வுகூட உறுதிப்படுத்தல் இல்லை, நான் விடுமுறையில் இருக்கிறேன் என்றெல்லாம் எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அவருடைய சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன் என்பதே உண்மையான காரணம்.

அந்த ஒரு கிழமைக்குள் களப்பின் அதே ஓரத்தில், அரை மைலுக்கு அப்பால், மூன்று பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்த சிறு குளமொன்றில் குஞ்சு விட்டார்கள். அம்மூவரில் ஒருவர் மன்னார்க்காரர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பல்லாயிரம் பேர் புத்தளத்தின் இந்த மணலில்தான் ஓலைக் கொட்டில் போட்டார்கள். ஆலங்குடாவிலும் முகாம்கள் இருந்தன. அம்மனிதர் அதுவரை வெங்காயத் தோட்டத்திலும் பிறர் பண்ணையிலும் கூலிக்குப் போனவர். கொண்டுவர முடிந்த ஒரே சொத்தான மனைவியின் காப்பை விற்றுப் பங்கு போட்டிருந்தார். மோட்டார் வைத்துக் களப்பிலிருந்து நீர் இறைத்தார்கள். நானா திறந்துவிட்ட அதே நீர். ஐந்தாம் கிழமையில் அவர்களுடைய குளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குள் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. நானும் எழுதினேன். பெயரோடு முதற் பக்கத்திலேயே வந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மனிதர் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க அப்ப இங்கதானே நிண்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய குளத்துக்கு நோய் நானாவின் நீரால்தான் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. வாங்கிய குஞ்சோடு வந்திருக்கலாம், நண்டு கொண்டுவந்திருக்கலாம். பல ஆண்டுகளாக நான் இந்த நியாயத்தைப் பற்றிக்கொண்டிருந்தேன். பிறகு விடயத்தை வாசிக்க வாசிக்க அந்த நியாயம் கையைவிட்டு நழுவியது.

இந்த வைரஸ் முதலில் 1992இல் தாய்வானில் காணப்பட்டது. 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு யப்பானுக்குப் போயிற்று. 1994இல் தாய்லாந்தையும் இந்தியாவையும் எட்டியது. அக்கரையில் நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரை குளங்கள் வெறுமையாயின. அங்கே இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11ஆம் திகதி தீர்ப்பளித்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் அவ்வழக்கு கரையோர நிலத்தையும் குடிநீரையும் பற்றியது. தீர்ப்பு வருவதற்கு முன்னரே பல குளங்களை வைரஸ் மூடிவிட்டிருந்தது. 1999இல் அது ஈக்வடோர் வரை சென்றது. 2016 இறுதியில், அதுவரை தப்பியிருந்த அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றுப் பண்ணைகளிலும் தோன்றியது. இறக்குமதியான பச்சை இறாலைச் சிலர் தூண்டில் இரையாகப் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம் என்று அங்கே சந்தேகிக்கப்பட்டது. உறைந்த இறாலுக்குள்ளும் இது உயிர்த்திருக்கும். நண்டிலும் சிங்க இறாலிலும் நோய்க்குறி எதுவும் காட்டாமல் குடியிருக்கும். ஒட்டிக்கொள்ள உயிர் கிடைக்காவிட்டாலும் குளத்து நீரில் சில நாட்கள் தாங்கும். அந்தச் சில நாட்களுக்குள் நீரை இறைக்கிறவன் அகப்பட்டுக்கொள்வான்.

வடமேற்குக் கரையில் இது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. அங்குள்ள பண்ணைகள் பெரும்பாலும் ஒல்லாந்தர் கால்வாயையும் அதனோடு இணைந்த சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளையும் நம்பியிருக்கின்றன. நீர் எடுப்பதும் அங்கேயே, கழிவை விடுவதும் அங்கேயே. ஒருவருடைய வாய்க்கால் இன்னொருவருடைய குடம். 1988, 1989இலேயே வேறொரு வைரஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தது. அப்போது எவரும் கால்வாயைப் பற்றி யோசிக்கவில்லை. விலை நன்றாக இருந்தது.

நானாவின் மகன் கேட்ட மருந்துக்கு வருகிறேன். இல்லை என்பதே பதில். நமக்கு அம்மை ஒருமுறை வந்துபோனால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, பிறபொருளெதிரி உண்டாகிறது. மீனுக்கும் அந்தத் திறன் உண்டு, ஆகவே சில மீன் வைரஸ்களுக்குத் தடுப்பூசி செய்ய முடிந்திருக்கிறது. இறாலுக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. ஆய்வுகூடங்களில் பல வழிகளை முயன்று பார்க்கிறார்கள். குளத்தில் ஊற்றியோ தீவனத்தில் கலந்தோ வெண்புள்ளி நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை எங்கும் கிடையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸுக்கு அவற்றைக் கொட்டுவது காசைக் களப்பில் எறிவதற்குச் சமம், ஏற்றுமதிக்கும் அதுவே எமன். 2001, 2002ஆம் ஆண்டுகளில் குளோரம்பெனிக்கோல் எச்சம் இருந்தமைக்காக ஐரோப்பா எத்தனை ஆசிய நாடுகளின் இறாலைத் தடுத்தது என்பதை ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மருந்து இல்லாத நோய்க்கு வாசலை மூடுவதுதான் வழி. முதல் வாசல் குஞ்சு. தாய் இறாலுக்குத் தொற்று இருந்தால் குஞ்சுக்கும் வரும். ஆகவே வாங்குமுன் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். கொரோனாவுக்குப் பின் இச்சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சான்றிதழை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. பெரிய தொகுதி ஒன்றிலிருந்து 150 குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால், நூற்றில் இரண்டுக்காவது தொற்று இருக்கும் பட்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அகப்படும். நூற்றில் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் தப்பிப்போகும் வாய்ப்பு அதிகம். ஒரு லட்சம் குஞ்சில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஆயிரம். அந்த ஆயிரத்தையும் சான்றிதழோடு சேர்த்துக் குளத்தில் விடுகிறோம்.

குளத்தின் அடி வெடிக்கும்வரை காய வேண்டும். எடுக்கும் நீரைத் துணி வடியில் வடித்து, சேமிப்புக் குளத்தில் தேக்கிச் சுத்திகரித்த பின்னரே இறாலிடம் விட வேண்டும். வரம்பைச் சுற்றி நண்டு ஏறாதபடி தடுப்பு, மேலே பறவைக்கு நூல். கொக்கு ஒரு குளத்தில் பொறுக்கிய நோயாளி இறாலை அடுத்த குளத்தில் தவறவிட்டுப் போகும்.

இவற்றையெல்லாம் ஒரு தனிமனிதன் காசு இருந்தால் செய்துவிடலாம். நோய் வந்த பின் செய்ய வேண்டியதுதான் கடினம். மதகைத் திறக்கக் கூடாது. நீரைக் குளோரின் இட்டுக் கொன்று, பல நாட்கள் மறித்து வைத்து, அதன் பின்னரே வெளியேற்ற வேண்டும். கணக்குப் பாருங்கள். ஓர் ஏக்கர் குளத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் ஏறத்தாழ நாற்பது லட்சம் லீற்றர். பத்து லட்சத்துக்கு முப்பது பங்கு என்ற அளவில் குளோரின் சேர்க்க 120 கிலோ வேண்டும். முப்பது சதவீத வலுவுள்ள வெளிற்றும் தூள் என்றால் 400 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை எட்டு. போகம் முழுவதையும் இழந்து கடனில் நிற்கிறவன், தனக்கு இனி எந்தப் பயனும் இல்லாத நீருக்காக எட்டு மூட்டை மருந்து வாங்க வேண்டும், அடுத்தவன் பிழைப்பதற்காக! நானா அன்று வாங்கியிருப்பாரா? நானாக இருந்தால் வாங்கியிருப்பேனா?

அதனால்தான் இவ்விடயம் இறுதியில் அயலவர் விடயமாகிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் பின்வந்த ஆண்டுகளில் சேர்ந்து ஒரு போக நாட்காட்டியை ஏற்படுத்தின. கரையோரம் வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டது. எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம், எப்போது குளம் ஓய்ந்து கிடக்க வேண்டும் என்பதைக் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். ஒரே வேளையில் எல்லோரும் ஒரே நீரில் இறங்காமல் இருப்பதுதான் இதன் சூட்சுமம். எங்கள் வயற்காரர் வாய்க்கால் நீருக்கு முறை வைத்த பழக்கம் இதற்கு முன்னோடி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாட்காட்டியால் நோய் ஒழியவில்லை. அதன் பின்னும் பல தடவை வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் 1996இல் போல ஒரே அலையில் கரை முழுவதையும் வாரிக்கொண்டு போவது குறைந்திருக்கிறது. 2018 அளவிலிருந்து வெளிநாட்டு வனமி இறாலும் இங்கு வளர்க்கப்படுகிறது. நோயற்றதாகப் பேணப்பட்ட தாய் இறாலிலிருந்து அதன் குஞ்சைப் பெறலாம் என்பது வசதி. நோயற்றது என்றால் நோய் வராதது என்று பொருளல்ல என்பதைத்தான் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

மீனை வளர்ப்பவர்களும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். 2007இல் சிலி நாட்டின் சால்மன் கூடுகளில் இரத்தச்சோகை வைரஸ் புகுந்து அத்தொழிலையே சரித்தது. கூடுகள் நெருக்கமாக இருந்தன, அவரவர் விருப்பப்படி குஞ்சு விட்டார்கள், நோயை அவரவர் மறைத்தார்கள். அதன் பின் அவர்கள் கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கூடுகளும் ஒன்றாக ஓய வேண்டும் என்று விதித்தார்கள். அப்பகுதிகளுக்கு அவர்கள் வழங்கும் ஸ்பானியச் சொல்லின் பொருள் 'அயல்' என்பதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. நமது களப்புகளில் கொடுவா வளர்க்க முயல்வோர், குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தாக்கிச் சுழன்று சுழன்று சாகவைக்கும் வைரஸ் ஒன்று இருப்பதை அறிந்திருக்க வேண்டும். ஏழையின் மீனான திலாப்பியாவுக்கும் 2014இல் ஒரு புது வைரஸ் இஸ்ரேலில் இனங்காணப்பட்டு, இப்போது ஆசியாவெங்கும் பரவியிருக்கிறது. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன்தான் உலர்வலயக் குளக்கரைகளில் வாழ்வோரின் கறிச்சட்டியை இத்தனை காலம் நிரப்பி வந்திருக்கிறது. ஒரு குளத்துக் குஞ்சைச் சோதிக்காமல் இன்னொரு குளத்துக்கு அள்ளிச் செல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

களப்புக் கரையில் நின்று இவற்றில் பாதியை நானாவின் மகனிடம் சொன்னேன். போத்தல் வேண்டாம், முதலில் சங்கத்தில் சேர், நாட்காட்டியில் உன் வலயத்துக்கு எந்த மாதம் என்று கேள், சேமிப்புக் குளத்துக்கு இடம் ஒதுக்க முடியாவிட்டால் இரண்டு குளத்தில் ஒன்றையே அதற்குக் கொடு என்றேன். பாதி நிலம் போய்விடுமே என்றான். போகும் என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

திரும்பும் வழியில் அந்த இரவைப் பற்றியும் சொன்னேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. அவன் எதுவும் பேசாமல் நடந்தான். வீட்டை நெருங்கியபோது, "அந்த மன்னார் மனுசன் இப்ப எங்க?" என்று கேட்டான். யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன், அதன் பிறகு தெரியாது என்றேன்.

"வாப்பாவுக்குத் தெரியுமா, அவங்கட குளமும் போனது?"

தெரியும். அம்மனிதர் குத்தகைப் பாக்கிக்காக அலைந்த நாட்களில், யார் கொடுத்தது என்று சொல்லாமல் அவர் வீட்டுக்கு அரிசி மூட்டை இரண்டு போனதை நான் அறிவேன். அதை மகனிடமும் சொன்னேன். நானாவைப் பற்றி எழுதும்போது இதையும் எழுத வேண்டும் அல்லவா.

பஸ் ஏறும்போது அவன் ஜன்னலருகே வந்து நின்றான். "எழுதப் போறீங்களா, சாச்சா?"

"எழுதத்தான் வேணும்."

"வாப்பாட பேரப் போடாதீங்க."

நான் போடவில்லை.